பால்மாவுப் பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி

வில்லியனூர்க் கடைத்தெருவிலோ பாகூர்க் கடைத்தெருவிலோ மருந்துக்கடையில் வந்து நின்று பால்மாவு கேட்கும் இளம் தகப்பனின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "இது சைவந்தானே அண்ணே?" கடைக்காரர் பெட்டியைத் திருப்பி மூலையிலுள்ள பச்சைப் புள்ளியைக் காட்டுகிறார். காசு கை மாறுகிறது. உரையாடல் அத்தோடு முடிகிறது. குழந்தைக்கு எத்தனை மாதம், தாய்க்கு என்ன ஆயிற்று, பெட்டிப்பால் கொடுக்கச் சொன்னது யார், வீட்டில் தண்ணீரை எப்படிக் காய்ச்சுவீர்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே ஏற்படுவதில்லை.

எங்கள் சண்டை அந்தத் தகப்பனோடு அன்று. தான் உண்ணாத ஒன்றைத் தன் மகவின் வாயில் வைக்கத் தயங்கும் மனம் மதிக்கத்தக்கது. அந்த மனத்தைப் பழமைவாதம் என்று எள்ளி நகையாடும் பகுத்தறிவு நண்பர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. அக்கேள்விக்கு விடை சொல்வதாக நடிக்கிற புள்ளியோடும், அந்த நடிப்பில் ஆதாயம் காண்போரோடுமே எங்கள் வழக்கு. கூடவே, புள்ளியை நம்பாதே, வீட்டிலேயே பாதாமையும் தேங்காயையும் அரைத்து ஊட்டு என்று உபதேசிக்கிற புதிய தூய்மைவாதிகளோடும்.

முதலில் ஒரு விந்தையைச் சொல்லிவிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் சைவ உணவினர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அதனை ஒட்டிக் கிடக்கும் புதுவைக் கிராமங்கள் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கும் என்று நினைக்க இடமில்லை. பாகூர் கொம்யூனின் கடலோரக் குப்பங்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறாவைப் பூண்டோடு ஆக்கிப் போடுகிறார்கள். அதே வீட்டில் குழந்தைக்கு வாங்கும் பெட்டியில் மட்டும் பச்சைப் புள்ளி இருந்தாக வேண்டும். தாய் உண்ட மீன் பாலாகிக் குழந்தைக்குப் போகலாம், பெட்டியில் மீன் இருக்கலாகாது! குழந்தை தெய்வம், தெய்வத்துக்குப் படைப்பது 'சுத்தமாக' இருக்கவேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். ஆக, புள்ளியின் சந்தை சைவர்களின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெரிது. இதை உற்பத்தியாளர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

1992இல் இந்தியா ஒரு நல்ல சட்டத்தை இயற்றியது. குழந்தைப் பால் மாற்று, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. அதன்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான இவ்வகை உணவுகளை விளம்பரம் செய்யக்கூடாது. பெட்டியின்மேல் தாயின் படமோ குழந்தையின் படமோ கூடாது. தாய்ப்பாலைப் போன்றது என்று பொருள்படும் சொல் எதுவும் கூடாது. விற்பனைப் பிரதிநிதி கருவுற்ற பெண்ணையோ பாலூட்டும் தாயையோ அணுகக்கூடாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அன்பளிப்பு கூடாது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் 118 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா ஒன்று மட்டும் எதிர்த்து வாக்களித்த பன்னாட்டு நெறிமுறையின் வழிவந்த சட்டம் இது. ஏட்டளவில் இதைவிடக் கடுமையான சட்டம் உலகில் அதிக நாடுகளில் இல்லை.

இப்படி எல்லா அலங்காரமும் களையப்பட்ட பெட்டியில், வேறொரு சட்டத்தின் கட்டளைப்படி, 2001இல் ஒரு பச்சைப் புள்ளி வந்து அமர்ந்தது. பிஸ்கட்டுக்கும் அப்பளத்துக்கும் அது வெறும் தகவல். தாயின் படமும் இல்லாத, புகழ்ச்சொல்லும் இல்லாத பால்மாவுப் பெட்டியில் அதுவே எஞ்சியிருக்கும் ஒரே விளம்பரமாகிவிட்டது. எழுத்தறியாதவரும் வாசிக்கக்கூடிய விளம்பரம். அரசே கட்டாயமாக அச்சிடச் செய்யும் விளம்பரம்.

அந்தப் புள்ளி என்னதான் சொல்கிறது? விலங்கு, பறவை, மீன், முட்டை, விலங்கின் வழியாகப் பெறப்பட்ட எந்தப் பொருளும் அசைவம், பாலும் பால்பொருளும் நீங்கலாக என்பது விதி. இந்த 'நீங்கலாக' என்ற ஒற்றைச் சொல்லின்மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. பால் சைவமா என்பது அறிவியல் விடைகூறும் கேள்வி அன்று. அது ஒரு சமூக உடன்படிக்கை. அந்த உடன்படிக்கையை ஏற்பவருக்குப் பால் சைவம். ஏற்காதவர்களும் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். புதுவையின் எல்லையை ஒட்டி, ஆரோவில்லில் 2003இல் தொடங்கப்பட்ட சாதனா ஃபாரஸ்ட் பாலையும் விலக்கிய முழுத் தாவர உணவை நெறியாகக் கொண்டது. அங்கே வேலைக்குப் போய்வரும் சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு நனிசைவம் என்பது இணையத்தில் படித்த வெளிநாட்டுச் சங்கதி அன்று. நாள்தோறும் மதியம் உண்டுவரும் சோறு.

சரி, பாலை ஏற்றுக்கொண்ட சைவரையே எடுத்துக்கொள்வோம். அவர் பெட்டிக்குள் என்ன வாங்குகிறார்? பசும்பாலின் புரத அமைப்பு தாய்ப்பாலினின்று வேறானது. ஆகவே அதைத் தாய்ப்பாலுக்கு அருகே கொண்டுவர வே புரதம் சேர்க்கிறார்கள். வே என்பது பாலாடைக்கட்டித் தொழிலில் பால் உறைந்தபின் எஞ்சும் தெளிநீரிலிருந்து எடுப்பது. பாலை உறையவைக்கும் ரென்னெட் நுண்ணுயிரியிலிருந்தும் வரலாம், அறுக்கப்பட்ட இளங்கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம். வைட்டமின் டி3 பெரும்பாலும் லானோலின் எனப்படும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது. மூளை வளர்ச்சிக்கென்று சேர்க்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் மீன் எண்ணெயிலிருந்தும் கிடைக்கும், நுண்பாசியிலிருந்தும் கிடைக்கும். எண்ணெயில் கரையும் வைட்டமின்களைப் பொடியாக்க அவற்றின்மேல் உறையிடுவதற்கு ஜெலட்டின் பயன்படுவதுண்டு, மாவுப்பொருளும் பயன்படுவதுண்டு. ஒவ்வொன்றுக்கும் இருவழி உண்டு. எவ்வழியில் வந்தது என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. 'வைட்டமின்கள்' என்ற பொதுச்சொல், அல்லது வேதிப்பெயர்களின் ஒரு சரம், அவ்வளவே.

இதைச் சொல்வது யாரையும் அச்சுறுத்துவதற்காக அன்று. ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து வந்த வைட்டமின் டி குழந்தையின் எலும்புக்கு எந்தத் தீங்கும் செய்யாது. மாறாக, அது இல்லாவிட்டால்தான் எலும்பு வளையும். ஆனால் 'சைவந்தானே?' என்று கேட்டவருக்குப் புள்ளி உண்மையான விடையைத் தரவில்லை என்பதும் உண்மை. கேட்டவரின் மனச்சான்றை அது மதிக்கவில்லை, அமைதிப்படுத்துகிறது. மதிப்பதற்கும் அமைதிப்படுத்துவதற்கும் உள்ள தூரத்தை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எவ்வளவு சிறிய அளவாயினும் விலங்குப் பொருள் சேர்ந்தால் அவ்வுணவு அசைவமே. ஒவ்வொரு சேர்மானத்தையும் குறியீட்டெண்ணால் மட்டும் குறித்தால் போதாது, அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்டதா என்பதையும் வெளிப்படையாகக் கூறவேண்டும் என்றது. உண்பவனின் அறியும் உரிமை அரசியல் சட்டம் தந்த உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். பால்மாவுப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். அந்தத் தீர்ப்பு அதன்மேல் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளலாம்.

அதுவும் எந்த மொழியில்? உணவுப் பெட்டியின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும் என்பதே விதி. மற்ற மொழிகள் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பாகூர், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தில் ஒரு வித்தியாஸ்தானத்தைக் கொண்டிருந்த ஊர். அக்கல்லூரிக்கு மூன்று ஊர்களை இறையிலியாக விட்ட செப்பேடு வடமொழியில் மட்டும் எழுதப்படவில்லை. எல்லையையும் உரிமையையும் ஊரார் அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதப்பட்டது. பல்லவ அரசனின் எழுத்தருக்கு இருந்த இந்தக் கவலை இன்றைய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு இல்லை.

இனி நனிசைவப் பெற்றோரின் நிலை. அவர்களுக்குப் புள்ளிகூடத் துணையில்லை. 2022இல் முழுத் தாவர உணவுகளுக்கெனத் தனி விதிகளும் தனி முத்திரையும் வந்தன. ஆனால் குழந்தைப் பால் மாற்று என்பதை நம் சட்டம் பசு, எருமைப் பாலை அடிப்படையாகக் கொண்டே இலக்கணப்படுத்துகிறது. சோயாப் புரதத்தால் ஆன மாவு பாற்சர்க்கரை ஏற்காத குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லித் தரவேண்டிய பொருளாகத்தான் கடையில் இருக்கிறது. அதிலும் டி3 ஆட்டு உரோமத்திலிருந்து வந்திருக்கலாம்.

மருத்துவம் சோயா மாவுக்கு எதிரி அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சோயா மாவு வளர்ச்சியைத் தரும் என்றும், பெற்றோர் தாவர உணவையே விரும்பும் சூழலும் அதைக் கொடுப்பதற்கு ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்று என்றும் ஒப்புக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்குக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்கிறது. அப்படியானால் ஒரு நனிசைவத் தகப்பன் குழந்தை மருத்துவரிடம் சென்று, "எங்கள் நெறி இது, தாய்ப்பால் போதவில்லை, சோயா மாவு எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. கேட்டவரை மருத்துவர் கடிந்து அனுப்பினால், வெட்கப்பட வேண்டியவர் மருத்துவர். ஏனெனில் கடிந்து அனுப்பப்பட்டவர் அடுத்துப் போய் நிற்கும் இடம் கைப்பேசிக் காணொளி. அங்கே பாதாம் பால், தேங்காய்ப் பால், கேழ்வரகுப் பால், அட்டைப்பெட்டியில் வரும் சோயாப் பானம் எல்லாம் 'இயற்கை' என்ற பெயரில் காத்திருக்கின்றன.

சோயா மாவும் சோயாப் பானமும் ஒன்றல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முன்னது குழந்தையின் ஒரே உணவாக இருக்கத்தக்கவாறு கொழுப்பும் சுண்ணாம்பும் இரும்பும் வைட்டமின்களும் அளந்து சேர்க்கப்பட்டது. பின்னது பெரியவர்கள் காப்பியில் ஊற்றிக்கொள்வது. பெல்ஜியத்தில் ஓர் ஏழு மாதக் குழந்தை 2014 ஜூனில் இறந்தது. இறக்கும்போது அதன் எடை 4.3 கிலோ. அதன் பெற்றோர் இயற்கை உணவுக்கடை நடத்தியவர்கள். குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவரைக் கேளாமல் தாங்களே தீர்மானித்து, ஓட்ஸ், அரிசி, கீன்வா முதலியவற்றின் 'பால்'களை ஊட்டினார்கள். 2017இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. கொடியவர்கள் அல்லர், அன்பு மிக்கவர்கள் என்பதுதான் இதில் உறைக்க வேண்டியது. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2013இலேயே, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தாவரப் பானங்களை ஊட்டுவதால் நேர்ந்த கடுமையான பாதிப்புகளைத் தொகுத்து எச்சரித்திருந்தது. பிரான்சை இங்கே இழுப்பதற்குக் காரணமுண்டு. வில்லியனூரிலும் பாகூரிலும் பாரிசில் உறவினர் இல்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு வரும் சித்தப்பாவின் பெட்டியில் அரிசிப் புரதத்தால் செய்த குழந்தை மாவும் வருகிறது, அதன் அருகே பார்வைக்கு அதைப் போலவே தோன்றும் அரிசிப் பானமும் வருகிறது. பிரெஞ்சு படிக்கத் தெரியாத வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது.

வீட்டுப் பசுவின் பாலில் பாதி தண்ணீர் கலந்து கொடுக்கும் பழைய வழக்கத்தையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஒரு வயது நிரம்புமுன் அதை முக்கிய உணவாக்கினால் இரும்புச்சத்து குறைந்து குழந்தை வெளிறும். கோமாதா என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

தொழிற்சாலை மாவுக்கும் நாங்கள் சத்தியம் செய்து தரவில்லை. 2003இல் இஸ்ரேலில் நடந்ததைப் படிக்குந்தோறும் நடுக்கமாக இருக்கிறது. ரெமீடியா என்ற நிறுவனம் ஜெர்மனியின் ஹுமானா ஆலையில் செய்வித்து விற்ற சோயா மாவு அது. யூத உணவு நெறிக்கு உகந்தது, பால் கலவாதது என்று நம்பிப் பெற்றோர் வாங்கினார்கள். மாவின் செய்முறையை மாற்றியபோது, சோயாவிலேயே போதுமான பி1 வைட்டமின் இருக்கிறது என்ற தவறான கணக்கில் ஆலையில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பெட்டியின்மேல் மட்டும் பி1 இவ்வளவு என்று எழுதியிருந்தது. குழந்தைகள் இறந்தன. பிழைத்தவற்றில் பல, மூளை நரம்புகள் சிதைந்து வாழ்நாள் முழுவதும் முடங்கின. நெறிக்கு உகந்தது என்ற முத்திரை முற்றிலும் உண்மையாகவே இருந்தது! உள்ளே விலக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை. இருக்கவேண்டிய பொருள்தான் இல்லை. எந்தச் சமயத்தின் எந்த முத்திரையும் எது இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி சொல்லும். குழந்தைக்கு வேண்டியதோ எது இருக்கிறது என்பதற்கான சாட்சி. பச்சைப் புள்ளியைப் பற்றி நாங்கள் இவ்வளவு நீட்டி எழுதுவதன் காரணம் இதுவே.

"வள்ளலார் மண்ணுக்கு அருகிலிருந்துகொண்டு இப்படி எழுதலாமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். பாகூரிலிருந்து வடலூர் தொலைவில்லை. சன்மார்க்கக் கொடி பறக்கும் வீடுகள் இப்பக்கம் உண்டு, அவர்களின் ஊன் மறுத்தல் நாடகமன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் சீவகாருணியத்தை வள்ளலார் எதன்மேல் நிறுத்தினார்? பசியின்மேல். பசித்த உயிரின் துயரை நீக்குவதே அதன் முதற்பொருள். அதனால்தான் கோயில் கட்டுமுன் அவர் 1867 மே மாதம் வடலூரில் அடுப்பை மூட்டினார். (அதே 1867இல்தான் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்ற மருந்தாளுநர் தம் குழந்தை மாவைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரே ஆண்டில் மூண்ட இரண்டு அடுப்புகள். ஒன்றில் விலை இல்லை.) பச்சிளங்குழந்தையின் பசி பசியிலும் பெரிய பசி. அது சொல்லாலன்றி அழுகையால் மட்டுமே கேட்கத் தெரிந்தது. அதன் முன்னால் தன் நோன்பின் தூய்மையை எடைபோடுபவர் சீவகாருணியத்தின் பேரால் பேசத் தகுதியற்றவர்.

மணிமேகலை வாசகர்களுக்கு ஆபுத்திரனை நினைவூட்டத் தேவையில்லை. பெற்றவள் இரங்காது விட்டுச்சென்ற சிசுவை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவனே வளர்ந்தபின் வேள்விக்கெனக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போய், அதற்காக அடிபட்டு ஊர்விலக்கும் பெற்றான். வேற்றுயிரின் பாலை உண்டு வளர்ந்ததால் அவன் கருணையில் குறை நேர்ந்ததாகச் சாத்தனார் காட்டவில்லை. அந்தக் கடனே அவனுடைய கருணையாயிற்று என்று வாசிக்கவே இடமிருக்கிறது. நனிசைவ நண்பர்கள் உடனே மறுப்பார்கள்: ஆபுத்திரனின் பசு தானாக வந்து ஊட்டியது, பண்ணைப் பசு அப்படியா என்று. நியாயமான மறுப்பு. அதற்கு எங்களிடம் முழு விடை இல்லை. ஆனால் அந்த அநீதிக்கான கணக்கை வளர்ந்தவர்கள் தங்கள் தயிரிலும் நெய்யிலும் காப்பியிலும் தீர்த்துக்கொள்ளட்டும். பல் முளைக்காத ஒன்றின் பெயரில் தீர்க்க வேண்டாம்.

தாய்ப்பாலில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. விரும்பித் தரும் தாயின் பால் எந்த நெறிக்கும் உகந்தது. முதல் ஆறு மாதம் அதுவே போதும். தாயால் இயலாத நிலையில், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிற தாய்மாரின் பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தித் தரும் தாய்ப்பால் வங்கி புதுவை ஜிப்மரிலேயே இயங்குகிறது. ஆனால் "சைவத் தாயின் பால் அமுதம், வேறொன்றும் வேண்டாம்" என்று மேடையில் முழங்குவோர் வேலூரில் நடந்த ஓர் ஆய்வைப் படித்ததில்லை என்று தெரிகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை அது. தாய்ப்பால் மட்டுமே குடித்து, பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்த சில குழந்தைகள் வளர்ச்சியில் பின்னோக்கிச் சென்றன. சிரிப்பை மறந்தன, தலை நிற்கவில்லை, தோல் கறுத்தது, கைகால் தானாக அசைந்தது, இரத்தம் சோகையுற்றது. காரணம், சைவ உணவு உண்ட அவற்றின் தாய்மாரிடம் பி12 வைட்டமின் அருகியிருந்தது. அவர்களுடைய பாலிலும் அது இல்லை. பி12 கொடுத்தபோது குழந்தைகள் தேறின. நோயை அடையாளம் கண்டது நம் ஊரில், கண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் சைவப் பெற்றோருக்கான அறிவுரைகளில் பெட்டியின் புள்ளியைப் பற்றிப் பத்து வரி வந்தால், தாயின் பி12 பற்றி ஒரு வரி வருவதில்லை.

பாலும் தயிரும் தாராளமாக உண்ணும் சைவத் தாய்க்கு ஓரளவு காப்பு உண்டு. பால் வாங்க வசதியற்ற சைவத் தாய்க்கும், நெறியால் பாலை விலக்கிய தாய்க்கும் அது இல்லை. ஒருத்தி வறுமையால் நனிசைவம், மற்றவள் கொள்கையால் நனிசைவம். உடம்பு இருவரையும் ஒன்றுபோலவே நடத்துகிறது.

வறுமை என்றதும் மற்றொன்று. மூன்று மாதக் குழந்தைக்குப் பெட்டிப்பால் மட்டுமே உணவென்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் மாவு தேவை. 400 கிராம் பெட்டி நான்கு நாள் வரும். மாதத்துக்கு ஏழெட்டுப் பெட்டி. 2024-25இல் புதுவையில் நூறு நாள் வேலைக்கான நாட்கூலி 319 ரூபாய். ஒரு பெட்டியின் விலை அந்த ஒரு நாள் கூலிக்கு மேல். அப்போது வீடு என்ன செய்யும்? ஆறு நாள் வரட்டும் என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். பச்சைப் புள்ளி அப்படியே இருக்கும், குழந்தை மெலியும். மாவு கிருமி நீக்கப்பட்ட பொருளும் அன்று. 70 பாகைக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி, ஆறவைத்து, உடனே ஊட்டிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. பிளாஸ்கில் காலையில் கரைத்ததை மாலை வரை ஊட்டும் வீடுகளில் சைவ, அசைவ வேறுபாடு கிருமிக்குத் தெரியாது.

பெட்டிப்பால் கொடுக்கும் தாயைக் குற்றம் சொல்வதும் எங்களுக்கு உவப்பில்லை. 2017இன் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது என்று பெருமை பேசுகிறோம். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் அந்த வாரங்களை எண்ணிக் கொடுப்பது யார்? நாற்பதாம் நாள் அவள் வயலில் நிற்கிறாள். பிள்ளை பாட்டியிடம், பாட்டியிடம் புட்டி. அவளிடம் போய் தாய்ப்பாலின் மகிமையைப் பேசுவதற்கு முன், வயல் ஓரத்தில் ஒரு தொட்டிலுக்காவது கொம்யூன் பஞ்சாயத்தில் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை தகப்பனிடமன்று. பால்மாவுப் பெட்டியில் ஒவ்வொரு சேர்மானத்தின் பிறப்பிடமும் தமிழில் இருக்கட்டும். கன்றா, நுண்ணுயிரியா, மீனா, பாசியா, உரோமமா என்பதை எழுதிவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை அவரிடம் விடுங்கள். கரைக்கும் அளவும் தண்ணீரின் சூடும் அதே தமிழில், புள்ளியைவிடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். முழுதும் தாவரத்தால் ஆன, முழுச் சத்தும் கொண்ட குழந்தை மாவுக்குச் சட்டத்தில் நேர்வழி திறக்கட்டும். அது திறக்கும்வரை நனிசைவர்கள் மருத்துவரின் சீட்டோடு சோயா மாவை வாங்கட்டும். மிக்சியை நாடவேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருகிறார்கள். அதில் பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் மட்டும் கிடைத்தால், பி12 குறைவால் வரும் சோகை மறைந்து, நரம்புக்கு நேரும் கேடு மட்டும் மறைவில் தொடரக்கூடும். சைவம் உண்ணும் பெண்ணிடம் "பால், தயிர் எவ்வளவு சேர்த்துக்கொள்கிறாய் அம்மா?" என்று செவிலியர் ஒரு கேள்வி கேட்டு, தேவையானவருக்குப் பி12 கொடுக்கச் செய்வதற்குப் புதிய சட்டமோ தீர்ப்போ வேண்டியதில்லை. பி12 நுண்ணுயிரிகளை நொதிக்கச் செய்து எடுக்கப்படுவது. ஜெலட்டின் உறையில்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்கினால் எவருடைய நோன்பும் அதனால் முறியாது.